காற்றும் ஒரு டம்ளர் தண்ணீரும்

அன்புள்ள அக்கா,

போன மாதம் கணுக்கால் எலும்பு முறிந்து வீட்டோடு கிடந்தேன். பொழுது போகாமல் ‘இது காதலா’ தொடரை முதலிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். விஜய் டிவியில் இந்தியிலிருந்து டப்பிங்காக வந்த காலத்தில் என் மகள் யூகேஜி. அவளை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டே அர்ணவையும் குஷியையும் பார்ப்பேன். இப்போது அவள் கல்லூரி முதல் வருடம். இந்த முறை பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிட சிரித்தாள் என்று சொல்லலாம். ஜன்னல் சாத்திய அறையில் குஷியின் துப்பட்டா பறக்கிறது. அது எப்போதும் அவன் மேல்தான் போய் விழுகிறது. “இவங்க வீட்ல ஃபேன் யாரும்மா போடறாங்க?” என்றாள்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. காற்று, நட்சத்திரம், குங்குமம் எல்லாம் குறியீடு, இரண்டு பேரும் சேரவேண்டும் என்பது விதி, அதைத்தான் அப்படிக் காட்டுகிறார்கள் என்றேன். “கட்டாயப்படுத்தித் தாலி கட்டினதும் விதியா? அதுக்குப் பேரு ரெட் ஃப்ளாக்” என்று எழுந்து போய்விட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

குறியீடு என்று நான் நம்பியது வெறும் சோம்பேறித்தனமா? விதி என்று சொல்லி எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்தலாமா? நீங்கள் சீரியல் பார்க்கிறவர் என்று எங்கேயோ எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

கால் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். நான் சீரியல் பார்க்கிறவள்தான், மறைக்க ஒன்றுமில்லை. இந்தத் தொடரை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்சம் தமிழில், மிச்சத்தை அரைகுறை இந்தியில்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. இந்தியில் ‘இஸ் ப்யார் கோ க்யா நாம் தூன்’ என்ற பெயரில் ஸ்டார் பிளஸ்ஸில் 2011 ஜூன் 6 அன்று தொடங்கி 2012 நவம்பர் 30 அன்று முடிந்தது. ஒன்றரை வருடத்தில் கிட்டத்தட்ட 400 பகுதிகள். பருண் ஸோப்தி அர்ணவ், ஸனாயா இரானி குஷி. லக்னோவிலிருந்து டெல்லிக்கு வரும், வாய் ஓயாத, தேவி பக்தையான பெண். கடவுளையும் விதியையும் நம்பாத, கோபக்காரப் பணக்காரன். சண்டையில் தொடங்கும் காதல். அவ்வளவுதான் கதை.

முதலில் காற்று. உங்கள் மகள் சொன்னது சரி. அது ஃபேன்தான். இருவரும் அருகில் வந்தால் காற்று அடிக்கும், ‘ரப்பா வே’ என்று ஒரு குரல் எழும், படம் மெதுவாக ஓடும். இதைக் குறியீடு என்று நான் சொல்லமாட்டேன். தொடர் நமக்குத் தட்டும் மணி அது. பள்ளிக்கூடத்தில் மணியடித்தால் சாப்பாட்டு நேரம் என்று தெரிவதுபோல, ரப்பா வே வந்தால் காதல் நேரம். அடுக்களையில் இருந்த என் அம்மா இந்தக் குரல் கேட்டதும் கரண்டியோடு ஓடி வருவாள். வேறு எங்கே என்ன வசனம் போனாலும் வரமாட்டாள். மணி அதன் வேலையைச் சரியாகச் செய்தது. அதற்கு மேல் அதில் எதையும் தேடவேண்டாம்.

துப்பட்டா மாட்டிக்கொள்வதும், அவள் தடுக்கி விழ அவன் தாங்குவதும் அதே கணக்குதான். முதல் சந்திப்பிலேயே லக்னோவில் ஒரு ஃபேஷன் ஷோ மேடையிலிருந்து அவன் கையில் வந்து விழுகிறாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் எத்தனை தடவை விழுந்தாள் என்று எண்ணியிருந்தால் எலும்பு டாக்டரிடம்தான் அனுப்பியிருப்போம். (உங்கள் காலை மனதில் வைத்துச் சொல்லவில்லை.)

ஆனால் எல்லாமே ஃபேன் இல்லை. ஜிலேபியை எடுத்துக்கொள்ளுங்கள். குஷிக்கு மனசு சரியில்லை என்றால் ஜிலேபி சுற்ற ஆரம்பித்துவிடுவாள். அழுவதற்குப் பதில், யோசிப்பதற்குப் பதில், கொதிக்கும் எண்ணெய் முன்னால் நின்று மாவைப் பிழிந்துகொண்டே இருப்பாள். தட்டுத் தட்டாகக் குவியும். அர்ணவுக்குச் சர்க்கரை வியாதி. அவள் தன் துக்கத்திலிருந்து செய்யும் இனிப்பை அவனால் சாப்பிட முடியாது. இதை யாரும் வசனமாகச் சொல்லி விளக்குவதில்லை. காற்றைப்போல வெளியிலிருந்து வந்து விழுவதும் இல்லை. அவள் கைப்பழக்கம் ஒன்று, அவன் உடம்பில் இருக்கும் கோளாறு ஒன்று. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துவிட்டுத் தொடர் பேசாமல் இருக்கிறது. இதுதான் எனக்குக் குறியீடு. (என் அம்மா கடைசிவரை அது ஜாங்கிரி என்றே நினைத்திருந்தாள். “உளுந்து ஊறவைக்காம எப்படி உடனே பிழியறா?” என்பது அவளுடைய தீராத சந்தேகம். அது மைதா மாவு, வேறு பலகாரம் என்று சொன்னால் நம்பமாட்டாள்.)

நட்சத்திரமும் அப்படித்தான். குஷி சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவள். அவர்கள் வானத்தில் நட்சத்திரமாக இருக்கிறார்கள் என்று நம்பி அண்ணாந்து பார்த்துப் பேசுவாள். அர்ணவும் பதின்வயதில் பெற்றோரை இழந்தவன். அக்காவின் கல்யாண நாளில், அப்பாவுக்கு இன்னொரு பெண்ணோடு உறவு என்று தெரிந்து அம்மா தன்னைத்தானே சுட்டுக்கொண்டாள். அன்றோடு கடவுளும் சடங்கும் அவனுக்கு முடிந்துபோயின. ஒரே இழப்பு. ஒருத்தி வானத்தைப் பார்க்கிறாள், ஒருவன் பார்க்க மறுக்கிறான். விதி உண்டா இல்லையா என்ற வாதத்தை இந்தத் தொடர் அந்த இருவருக்கும் நடுவில் வைத்தது. அந்த அளவுக்கு அது மற்ற தொடர்களைவிடப் புத்திசாலி.

நான் இன்னும் நினைத்துக்கொள்ளும் காட்சி தீஜ் நோன்பு. வடக்கே பெண்கள் கணவனுக்காகவும், கல்யாணமாகாதவர்கள் வரப்போகிறவனுக்காகவும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் நாள். நம்மூரில் காரடையான் நோன்பு இருந்து பழகிய வீட்டுக்காரர்களுக்கு இது உடனே புரிந்துவிடும், என் அம்மாவுக்குப் புரிந்தது. குஷி அன்று அர்ணவின் வீட்டில் இருக்கிறாள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மயங்கிச் சரிகிறாள். அவன் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறான்.

நோன்பு இருக்கும் பெண்ணுக்கு முதல் வாய்த் தண்ணீரைக் கணவன்தான் கொடுக்கவேண்டும் என்பது பார்க்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். அவனுக்கு அதில் அக்கறையே இல்லை. மயங்கினவளுக்குத் தண்ணீர் கொடுப்பது எவனும் செய்கிற காரியம், அதைத்தான் அவன் செய்தான். சடங்கை நம்பாதவன் கையால் சடங்கு முடிந்துபோகிறது. என் அம்மா அன்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “ஆச்சு, முடிஞ்சுது போ” என்றாள். கல்யாணமே முடிந்துவிட்ட மாதிரி.

இது நமக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் சிலம்பை விற்கப் புறப்படும்போது திமில் பெருத்த காளை ஒன்று எதிரே வரும். அது கெட்ட சகுனம் என்பது இடையர் வீட்டுக்குத் தெரிந்த விஷயம், வணிகர் குலத்தில் பிறந்த அவனுக்குத் தெரியாது, அதனால் நடந்துகொண்டே போகிறான் என்று இளங்கோ சொல்வார். படிக்கிற நமக்குத் தெரிகிறது, நடக்கிறவனுக்குத் தெரியவில்லை. விதி கதையில் வேலை செய்வது இந்த இடைவெளியில்தான். தீஜ் காட்சியைக் காப்பியத்தோடு நிறுத்திப் பார்ப்பதாக யாரும் கோபித்துக்கொள்ளவேண்டாம். உத்தி ஒன்று என்கிறேன், உயரம் ஒன்று என்று சொல்லவில்லை.

சரி, விதிக்கு வருகிறேன்.

தினத்தொடரில் விதிக்கு ஒரு தொழில்முறைக் காரணமும் இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் கதை ஓடவேண்டும், எப்போது முடியும் என்று எழுதுகிறவருக்கே தெரியாது. அத்தனை நாளும் காதலர்களைப் பிரித்தே வைத்திருந்தால் பார்க்கிறவர்கள் அலுத்துப்போவார்கள். அதனால் முதல் வாரத்திலேயே ஒரு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்: இவர்கள் சேர்வார்கள், மேலே முடிவாகிவிட்டது, கவலைப்படாதீர்கள். அந்த உறுதியைக் கையில் வாங்கிக்கொண்டால் நாம் எவ்வளவு தாமதத்தையும் பொறுத்துக்கொள்வோம். அர்ணவின் அக்கா கணவனான வில்லன் ஷ்யாம் எத்தனை மாதம் வேண்டுமானாலும் அந்த வீட்டில் மாப்பிள்ளையாக உலவலாம். (கண்ணன் பெயரை வில்லனுக்கு வைத்ததையும், ஒருநாள்கூடச் சாந்தி இல்லாத அந்த வீட்டுக்கு ‘சாந்திவன்’ என்று பெயர் வைத்ததையும் நான் ரசித்தேன்.)

இன்னொரு வழியும் உண்டு. பழைய முடிச்சைக் கடைசியில் அவிழ்ப்பது. அர்ணவின் அப்பாவோடு உறவு வைத்திருந்த பெண் யார்? குஷியை எடுத்து வளர்த்த சித்தி கரிமா. அந்த அப்பா கல்யாணமானவர் என்பது தெரியாமல் பழகியவள். அர்ணவின் பாட்டி வந்து கரிமாவை அடையாளம் காணும்போது கதை கிட்டத்தட்ட முடியும் கட்டத்தில் இருக்கிறது. ஒரு வருடத்துக்கும் மேலாக நாம் பார்த்த எல்லாம் திரும்பிப் பார்க்கையில் விதியாகத் தெரிகிறது. தினத்தொடரில் விதி இப்படிப் பின்னாலிருந்து முன்னால்தான் எழுதப்படும். அப்புறம் அந்த விதியும் முடிந்தது எப்படி? நாயகன் நடிகர் விலக விரும்பினார், அவருக்குப் பதில் இன்னொருவரைப் போடாமல் தொடரையே முடித்துவிட்டார்கள். குஷி கும்பிடும் தேவி மையாவுக்கும் மேலே கால்ஷீட் இருக்கிறது.

இப்போது உங்கள் மகளின் கேள்வி. அர்ணவின் மாமா மகன் ஆகாஷுக்கும் குஷியின் அக்கா பாயலுக்கும் கல்யாண நாள். மாடியில் குஷியை ஷ்யாமின் பிடியில் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமலே அர்ணவ் தப்பாகப் புரிந்துகொள்கிறான். ஆறு மாதத்துக்கு என்னைக் கல்யாணம் செய்துகொள், இல்லாவிட்டால் உன் அக்கா கல்யாணம் நடக்காது என்கிறான். காரணமும் சொல்வதில்லை. ராத்திரி, ஒரு கோயிலில், யாருக்கும் தெரியாமல் வகிட்டில் குங்குமம் வைத்து மங்கள்சூத்திரம் கட்டுகிறான். அவள் முகத்தில் இருப்பது பயம்.

இதற்குப் பெயர் மிரட்டல். இதில் எனக்கும் உங்கள் மகளுக்கும் இரண்டாவது கருத்தில்லை. தொடரின் சிக்கல் அதற்கு அடுத்த நாள் தொடங்குகிறது. குங்குமத்துக்கு வைத்தவன் யார், எதற்காக வைத்தான், அவள் சம்மதித்தாளா என்பது ஒன்றும் தெரியாது. வைத்தால் ஒட்டிக்கொள்ளும். தீஜ் அன்று தண்ணீரும் அப்படித்தான் ஒட்டியது, அன்று நாம் கைதட்டினோம். அங்கே அவன் செய்தது உதவி, இங்கே செய்தது கொடுமை. ஆனால் சடங்கின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மறுநாளிலிருந்து குஷி நெற்றி நிறையக் குங்குமத்தோடு அந்த வீட்டின் மருமகள். பழைய குறியீடுகள் எல்லாம், அந்தக் காற்று உட்பட, வந்து “பார்த்தாயா, முதலிலேயே சொன்னோமே” என்று சாட்சி சொல்கின்றன. உங்களுக்குப் பதில் வராமல் போனது இந்தச் சாட்சிகளை நம்பியதால்தான். நானும் அப்போது நம்பியவள்.

தொடருக்கே இது உறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். உண்மை தெரிந்தபின் அதே இருவருக்கும், வீடு கூடி, மெஹந்தி ஹல்தியோடு மறுபடியும் ஒரு கல்யாணம் செய்துவைத்தார்கள். முதல் கல்யாணம் செல்லுமென்றால் இரண்டாவது எதற்கு? விதி முடித்துவைத்ததை மனிதர்கள் உட்கார்ந்து சம்மதம் கேட்டு மறுபடி செய்யவேண்டியிருந்தது. அதில் பாதி விளம்பர வருமானத்துக்காகவும் இருக்கலாம், கல்யாண வாரம் என்றால் பார்க்க ஆள் கூடும். இருந்தாலும் அதை நான் ஒரு ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

தலைப்பைப் பற்றியும் ஒன்று. இந்தித் தலைப்புக்குப் பொருள், இந்தக் காதலுக்கு என்ன பெயர் வைப்பேன் என்பது. காதல்தான் என்று முடிவாகிவிட்டது, பெயர்தான் பாக்கி. தமிழில் ‘இது காதலா’ என்று கேட்டுவிட்டார்கள். டப்பிங்குக்குச் சுருக்கமாக ஒரு பெயர் வேண்டும் என்று வைத்ததுதான், ஆனால் உங்கள் மகள் கேட்பது அந்தத் தமிழ்த் தலைப்பைத்தான்.

மறுபடி அவளோடு பார்ப்பதானால் தீஜ் பகுதியைப் போட்டுக் காட்டுங்கள். நோன்பு என்ன, தண்ணீர் யார் கொடுக்கவேண்டும் என்பதை மட்டும் முன்னாடியே சொல்லிவிடுங்கள், தெரியாவிட்டால் அந்தக் காட்சியில் ஒன்றுமே இல்லை. கோயில் கல்யாணம் வரும்போது நடுவில் நீங்கள் எதுவும் பேசவேண்டாம். என் அம்மா அன்று டிவியை அணைத்துவிட்டு, “இது கல்யாணமே இல்லடி” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். மறுநாள் அதே நேரத்துக்கு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். நான் அதைப்பற்றிக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அன்புடன்.