பை 3-ல ஜிபிஎஸ் டேட்டா குப்பையா வருதா? யூஆர்ட்டை பாருங்க

நண்பரே, ராஸ்பெர்ரி பை 3-ல 9600 பாட் ரேட் (டேட்டா போற வேகம்) சரியா வச்சும் ஜிபிஎஸ் டேட்டா நடுநடுவுல குப்பை எழுத்தா வருதுன்னா மாட்யூலை தூக்கி போட்டுடாதீங்க, அது மேல தப்பு இருக்க வாய்ப்பு கம்மி. இந்த போர்டுல நல்ல யூஆர்ட்டான (யூஆர்ட்னா டேட்டாவை பிட் பிட்டா அனுப்பி வாங்குற சீரியல் போர்ட்) பிஎல்011 ப்ளூடூத்துக்கு போயிடுது, ஜிபிஎஸ் மாட்டுற ஜிபிஐஓ 14, 15 பின்களுக்கு கிடைக்கிறது மினி யூஆர்ட் தான், அதோட பாட் ரேட் சிப்போட கோர் கிளாக்கை வச்சு தான் வருது, கிளாக் நிலையா இல்லன்னா ரேட்டும் ஆடிடும். ப்ளூடூத் வேண்டாம்னா கான்ஃபிக் ஃபைல்ல அதை டிசேபிள் பண்ற ஓவர்லேவை (ஹார்டுவேர் செட்டிங்கை மாத்துற வரி) போட்டுட்டு, ராஸ்பி-கான்ஃபிக்ங்கற செட்டிங் டூல்ல சீரியல் லாகின் ஷெல்லுக்கு நோ, சீரியல் ஹார்டுவேருக்கு யெஸ் குடுத்து ரீபூட் பண்ணுங்க, ஷெல்லை அப்படியே விட்டா லாகின் கன்சோலும் ஜிபிஎஸ் இருக்கிற அதே லைன்ல பேசும். அப்புறம் உங்க ப்ரோக்ராம்ல திறக்க வேண்டிய போர்ட் டிடிஒய்எஸ்0 (மினி யூஆர்ட்) இல்ல, டிடிஒய்ஏஎம்ஏ0 (பிஎல்011). மாட்யூலோட டிஎக்ஸ் (டேட்டா அனுப்புற பின்) 5 வோல்ட்னா தயவுசெஞ்சு நேரா மாட்டாதீங்க, பையோட பின் 3.3 வோல்ட் தான் தாங்கும்.