கேளுங்கள், சொல்கிறேன்: மாம்பழ வாசனையில் ஒரு வம்பு

(பதில் சொல்பவர் மாநகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர்)

கேள்வி: ஐயா, மதுரை கோரிப்பாளையத்தில் சின்ன டிபன் கடை வைத்திருக்கிறேன். ஆறு மேசைதான். சாயங்காலம் வரும் காலேஜ் பையன்கள் 'வேப்' என்கிற இ-சிகரெட்டை, பேனா மாதிரி இருப்பதை, வாயில் வைத்து, மாம்பழ வாசனையோடு வெள்ளை வெள்ளையாக ஊதுகிறார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் முகம் சுளித்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். கேட்டால், "அண்ணே, இது புகை இல்லை, ஆவி. இதுக்கு ஃபைன் கிடையாது" என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். நியூயார்க்கில் இருக்கும் என் மச்சான், அங்கே நகர நிர்வாகமே இதைப் பொது இடங்களில் தடுத்துவிட்டது என்கிறார். நம் மாநகராட்சி ஏன் சும்மா இருக்கிறது?

பதில்: பையன்கள் சட்டத்தைப் பாதி படித்திருக்கிறார்கள். அந்தப் பாதி சரியாக இருப்பதுதான் எரிச்சல்.

பொது இடத்தில் புகைபிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்று சொல்வது 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம். அதில் புகைபிடிப்பது என்றால் புகையிலையைப் பிடிப்பதுதான். சிகரெட், சுருட்டு, பீடி எல்லாம் அதற்குள் அடக்கம். 'வேப்' என்கிற இதில் புகையிலைத் தூள் கிடையாது. உள்ளே இருக்கும் பேட்டரி ஒரு கம்பிச் சுருளைச் சூடாக்க, நிகோடின் கலந்த திரவம் ஆவியாகி வருகிறது.

அப்புறம் 2019-ல் மத்திய அரசு இ-சிகரெட்டுக்கென்றே ஒரு தடைச் சட்டம் போட்டது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்வது, விற்பனை, விநியோகம், இருப்பு வைப்பது, விளம்பரம் என்று அதன் பெயரே ஒரு முழம் நீளும். அந்தப் பட்டியலில் பயன்படுத்துவது மட்டும் இல்லை. விற்றால் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உட்கார்ந்து ஊதுகிறவனுக்குத் தனியாகத் தண்டனை எழுதி வைக்கவில்லை.

உங்கள் மச்சான் சொல்வது உண்மை. நியூயார்க் நகர மன்றம் 2013 டிசம்பரில் வாக்களித்தது, 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. சிகரெட் பிடிக்கக் கூடாத உணவகம், அலுவலகம் எல்லாவற்றிலும் இதையும் கூடாது என்று சேர்த்தார்கள். சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களும் அந்த ஆண்டே அப்படிச் செய்தன. அங்கே அது கடையில் வெளிப்படையாக விற்ற சாமான். அதனால் எங்கே ஊதலாம், எங்கே கூடாது என்கிற பஞ்சாயத்து நகரத்தின் தலையில் வந்து விழுந்தது. இங்கே விற்கவே கூடாது என்றாகிவிட்டது. ஊரில் இல்லாத சாமானுக்கு விதி எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போல. சாமான் என்னவோ உங்கள் மேசையில் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது!

என்னைக் கேட்டால், 2003 சட்டத்தில் புகைபிடித்தலுக்கு இருக்கும் விளக்கத்தை விரித்து எழுதினால் போதும். ஹூக்கா பார்களைத் தடுக்க நம் சட்டமன்றம் 2022-ல் அதே சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேற்றியதே, அதே வழிதான். மதுரையின் 100 வார்டு உறுப்பினர்களும் கூடும் மன்றத்தில் இதைக் கேட்டு ஒரு தீர்மானம் போட்டு அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? உங்கள் கவுன்சிலரிடம் மனு கொடுங்கள்.

அதுவரை கடை உங்களுடையது. கல்லாவுக்கு மேலே 'புகை, வேப் இரண்டும் இங்கே கூடாது' என்று எழுதித் தொங்கவிடுங்கள். மீறினால், "தம்பி, வெளியே போய் வைத்துக்கொள்" என்று சொல்ல எந்தச் சட்டமும் தேவையில்லை. 2008 அக்டோபர் 2-ஆம் தேதி புகைபிடிக்கும் தடை விதிகள் அமலுக்கு வந்தபோது, 60-க்கு 30 சென்டிமீட்டர் போர்டு மாட்டச் சொல்லிக் கடை கடையாக ஏறி இறங்கினோம். சாம்பல் கிண்ணத்தை எடுக்கச் சொன்னால் ஒளித்து வைப்பார்கள். வாசலில் பீடி பற்றவைக்க நுனி கனன்றபடி தொங்கும் தேங்காய்நார்க் கயிற்றைத்தான் முதலில் வாளித் தண்ணீரில் முக்குவேன். அந்தக் கயிறு போனதும் கடைக்குள் பற்றவைக்கிறவர்கள் தானாகக் குறைந்தார்கள். உங்கள் கடையில் அந்தக் கயிறு எது தெரியுமா? கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளக். "சார்ஜ் போட்டுக்கிறேன்ணே" என்று நீட்டினால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். யாராவது பார்சலாகக் கொண்டுவந்து, "நாளைக்கு எடுத்துக்கிறேன்" என்றால் தொடவே தொடாதீர்கள். தெரிந்தே இருப்பு வைக்க இடம் கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பையன்கள் போய்விடுவார்கள், மாட்டுவது நீங்கள்.

கேள்வி: பதினொன்றாவது படிக்கும் என் மகன் பையில் ஹைலைட்டர் பேனா போல ஒன்று இருந்தது. ஸ்ட்ராபெரி வாசனை. 'வெறும் தண்ணீர் ஆவிம்மா, நிகோடின் இல்லை' என்கிறான். போலீசில் கொடுக்கலாமா? (வாசகி, திருநகர்)

பதில்: தண்ணீர் இல்லை அம்மா. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைச் சரக்கு, பெரும்பாலும் நிகோடின். நிகோடின் இல்லாவிட்டாலும் 2019 சட்டம் அதை இ-சிகரெட் என்றுதான் சொல்கிறது.

மகனைப் போலீசில் நிறுத்த வேண்டாம். யார் விற்றார்கள் என்று பொறுமையாகக் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்கூடம் பக்கத்துக் கடையா, போனில் ஆர்டர் போட்டால் வண்டியில் வந்து கொடுக்கிற ஆளா? அந்தத் தகவல்தான் போலீசுக்கு வேண்டும். உதவி ஆய்வாளர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி போய்ச் சோதனை போடலாம். பையனுக்குப் பழக்கம் ஏறியிருந்தால் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவிலும் காட்டலாம். ஒன்று, அந்தப் பேனாவைக் குப்பை வண்டியில் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். அந்தத் திரவத்தை விழுங்கினால் விஷம்.

கேள்வி: துபாயிலிருந்து வரும் மாப்பிள்ளை தனக்கென்று ஒன்றே ஒன்று கொண்டுவரலாமா? (வாசகர், மேலூர்)

பதில்: கூடாது. இறக்குமதிக்கே தடை, ஒன்றுக்கு மட்டும் விலக்கு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. விமான நிலையத்தில் சுங்கத்துறை பறித்துக்கொண்டால், மாமனார் வீட்டு விருந்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளை முகம் தொங்கிவிடும். பேரீச்சம்பழம் கொண்டுவரச் சொல்லுங்கள்.