கிளை நுனிக்குச் செல்லும் கயிற்றைத் திருப்பிவிடுதல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மரங்களைக் கழித்துச் சீர்செய்யும் குத்தகையாளர் ஒருவரிடம் ஏறுபவராக வேலை செய்கிறேன். பெரிய தூங்குமூஞ்சி மரங்களில் நடு உச்சியில் கயிற்றைப் போட்டுக்கொண்டு கிளை நுனியை நோக்கி நடக்கும்போது, போகப் போகக் கயிறு படுத்துவிடுகிறது. கால் வழுக்கினால் அடிமரத்தில் போய் மோதிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். வழியில் உள்ள ஒரு கிளையில் கயிற்றை மாட்டித் திருப்பிக்கொள்ளுமாறு உடன் வேலை செய்யும் அண்ணன் சொல்கிறார். அந்தக் கிளை என் எடையைத் தாங்குமா என்பதை எப்படி முடிவு செய்வது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அண்ணன் சொல்வது சரியான முறைதான். பினாங்குத் தாவரவியல் பூங்காவில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களைப் பார்த்தவர்களுக்கு உங்கள் சிக்கல் எளிதில் விளங்கும். உயரத்தைவிட அகலமாகப் படரும் அந்த மரத்தில், உச்சியில் எங்கே கயிற்றைப் போட்டாலும் கிளை நுனிக்கு அது பக்கவாட்டில்தான் வந்து சேரும். இடையில் ஓரிடத்தில் கயிற்றைத் திருப்பிவிட்டால், உங்களுக்கு நேர் மேலிருந்து அது இறங்கும். கால்கள் கிளையில் உறுதியாக ஊன்றும். இரு கைகளும் வேலைக்குக் கிடைக்கும்.

கிளை எவ்வளவு சுமக்கப்போகிறது என்பதைக் கயிறு அங்கே எவ்வளவு மடங்குகிறது என்பதே தீர்மானிக்கிறது. திருப்புமிடத்தில் கயிற்றின் இரு பகுதிகளுக்கும் இடையே 150 பாகை கோணம் இருந்தால், உராய்வைக் கணக்கில் கொள்ளாமல் பார்க்கும்போது, உங்கள் எடையில் ஏறத்தாழப் பாதிதான் கிளைமீது விழும். 120 பாகையில் முழு எடையும், 90 பாகையில் எடையைப் போல் 1.4 மடங்கும் விழும். மேலே ஏறும் கயிறு அப்படியே கீழே திரும்பினால் சுமை இரு மடங்காகும். இவை நீங்கள் அசையாமல் தொங்கும்போது உள்ள அளவுகள். குதித்தாலோ, திடீரென்று கயிற்றில் சாய்ந்தாலோ சுமை இன்னும் கூடும்.

ஆயினும், சுமையின் அளவைவிட அதன் திசையையே நான் முதலில் பார்ப்பேன். இழுப்பு எப்போதும் அந்தக் கோணத்தை இரு சம பாதிகளாகப் பிரிக்கும் கோட்டின் வழியாகவே செல்லும். உதாரணமாக, உச்சித் தாங்குபுள்ளியிலிருந்து 6 மீட்டர் வெளியேயும் 6 மீட்டர் கீழேயும் கயிற்றைத் திருப்பி, அங்கிருந்து நேர் கீழே 3 மீட்டரில் நீங்கள் தொங்குவதாகக் கொள்வோம். கோணம் 135 பாகை. கருவிகளோடு சேர்த்து நீங்கள் 80 கிலோ என்றால் கிளைமீது சுமார் 61 கிலோ இழுப்பு விழுகிறது. அந்த இழுப்பு பெரும்பாலும் அடிமரத்தை நோக்கியும், சிறிதளவே கீழ்நோக்கியும் செல்கிறது. ஆகவே, அடிமரத்திலிருந்து வெளியே நீளும் கிடைக்கிளையில் திருப்பியிருந்தால், கிளை தன் நீளவாக்கில் உள்நோக்கி அழுத்தப்படுகிறது. இவ்வகை அழுத்தத்தை மரம் நன்றாகத் தாங்கும். அதே இழுப்பு செங்குத்தாக எழும் ஒரு மெல்லிய கிளையின் நுனிப்பகுதியில் விழுந்தால், அதை நெம்புகோலைப் போல உள்ளே வளைக்கும். தடிமனில் இரண்டும் ஒன்றாக இருக்கலாம்; முன்னதை நம்பலாம், பின்னதை நம்பக் கூடாது. செங்குத்துக் கிளையைத் தவிர்க்கவே முடியாவிட்டால், அது பிரியும் கவைக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு தாழ்வாகக் கட்டுங்கள். கிடைக்கிளையில் கட்டினால் கட்டு உள்நோக்கி வழுக்கி வரப் பார்க்கும் என்பதால், பக்கக்கிளை ஒன்றின் வெளிப்புறமாக அது தடுத்து நிற்குமாறு போடுங்கள்.

அடுத்து, அந்தக் கிளை முறிந்தால் என்ன ஆகும் என்று ஏறும் முன்பே எண்ணிப் பாருங்கள். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் சட்டென்று விழுந்து, பிறகு 6 மீட்டர் தொலைவிலுள்ள அடிமரத்தை நோக்கி ஊசலாடிச் செல்வீர்கள். அந்தப் பாதையில் முறிந்த கிளைக்குச்சியோ, மின்கம்பியோ, சுவரோ இருந்தால் வேறிடம் தேடுங்கள். கயிற்றைக் குறைவாக மடக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் விழும் தொலைவும் குறையும். ஒரே இடத்தில் அதிகமாக மடக்குவதைவிட, இரண்டு இடங்களில் சிறிது சிறிதாகத் திருப்புவதையே நான் விரும்புகிறேன்.

நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாலையோர அங்சானா மரங்களை முன்பு மொட்டையடித்த இடங்களிலிருந்து கொத்தாகத் துளிர்த்து வளர்ந்த கிளைகள் பார்க்கத் தடிமனாக இருந்தாலும், அவற்றின் பிடிப்பு மேலோட்டமானது. அவற்றில் கயிற்றைத் திருப்பவே கூடாது. தூங்குமூஞ்சி மரத்தில் கவைகளை மூடி வளரும் பறவைக்கூட்டுப் பெரணிக்கு அடியில் உளுத்த மரம் மறைந்திருக்கலாம். விலக்கிப் பார்க்க முடியாத கவையை நம்ப வேண்டாம்.

கேள்வி: கயிற்றைக் கவை வழியாகவே விட்டால் போதாதா? கப்பி வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: நீங்கள் எந்த முறையில் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒற்றைக் கயிற்றில் ஏறும்போது கயிறு நிலையாக நிற்கிறது, நீங்கள்தான் அதன்மீது நகர்கிறீர்கள். எனவே கவையில் உராய்வு உங்களுக்குப் பெரிய தடையாகாது. கயிறு உச்சியைச் சுற்றி உங்களிடமே திரும்பி வரும் இரட்டைக் கயிறு முறையிலோ ஒவ்வோர் அசைவிலும் கயிறு ஓடுகிறது. கவையில் உரசி உரசி ஏறுவது கடினமாகும், பட்டை தேயும், கயிறும் கெடும். அங்கே கிளையைச் சுற்றிக் கட்டும் ஸ்லிங் என்ற துணி நாடாவில் வளையமோ கப்பியோ மாட்டுங்கள். கயிற்றின் இரு இழைகளையும் ஒரே காராபினரில் (வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கியில்) நெருக்கி விட்டால் அவை எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று தேய்க்கும்.

ஓடும் கயிற்றை நேரடியாக ஸ்லிங் துணியின் மீது ஒருபோதும் விடாதீர்கள். உராய்வின் வெப்பம் ஒரே இடத்தில் குவிந்து, ஸ்லிங்கை உருக்கி அறுத்துவிடும். காராபினர் தானாக மூடித் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். அதன் வாய்ப்பகுதி கிளைமீது அழுந்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் நான் கீழே நிற்பவன். கயிற்றைத் திருப்பியிருக்கும்போது மேலே இருப்பவருக்கு ஏதேனும் ஆனால் எப்படி இறக்குவது?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: கீழே நிற்பவர் இதைக் கேட்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. முதலில் கயிற்றின் நீளத்தைப் பாருங்கள். உச்சியிலிருந்து திருப்புமிடம் வரை 8.5 மீட்டரும், அங்கிருந்து தரை வரை 9 மீட்டரும் என்றால், இரட்டைக் கயிறு முறையில் தரையைத் தொடவே 35 மீட்டர் கயிறு தேவை. முடிச்சுகளுக்கும் கருவிக்கும் மேலும் சில மீட்டர் வேண்டும். திருப்பாமல் நேராக இறங்கப் போதுமான கயிறு, திருப்பிய பிறகு போதாமல் போகலாம். கயிற்றின் நுனியில் தடுப்பு முடிச்சு இருப்பதை நீங்கள் கீழிருந்தே உறுதிசெய்யுங்கள்.

செயின்சாவை இயக்கும் முன் ஏறுபவர் லேன்யார்டையும் (இடுப்புப் பட்டையிலிருந்து மரத்தைச் சுற்றிப் பிணைக்கும் குட்டைக் கயிறு) மாட்டி, இரண்டு இடங்களில் பிணைந்திருக்க வேண்டும்; ஒரு கயிறு அறுபட்டாலும் மற்றது பிடிக்கும். காயம்பட்டவர் தாமாகவே திருப்பத்தை விடுவித்துக்கொண்டு வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே காப்பாற்ற ஏறுபவருக்கென்று இன்னொரு கயிறும் ஹார்னஸும் (உடலில் அணியும் பாதுகாப்புப் பட்டை), அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் வேலை தொடங்கும் முன்பே மரத்தடியில் தயாராக இருக்க வேண்டும். அவர் காயம்பட்டவரை அடைந்து, திருப்புமிடத்தின் வழியாகவே நேராகக் கீழே இறக்குவதுதான் பெரும்பாலும் எளிது. திருப்பத்தை அவிழ்த்தால் இருவரும் அடிமரத்தை நோக்கி ஊசலாட நேரும். எனவே திருப்புமிடத்துக்கு நேர் கீழே உள்ள தரையில் வெட்டிய கிளைகளைக் குவிக்காமல், அந்த இடத்தை வெறுமையாக வைத்திருங்கள்.