4 மாதக் குழந்தை இரவில் அடிக்கடி விழித்துக்கொள்கிறது, என்ன செய்வது?

இந்த வயதில் விழிப்பது கோளாறு இல்லை. குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று சுமார் 50 நிமிடம்தான்; ஒவ்வொன்றின் முடிவிலும் லேசாக விழிப்பு தட்டும். நமக்கும் தட்டும், புரண்டு படுத்துவிடுகிறோம். தோளில் தூங்கிப்போன குழந்தை, கண் திறக்கும்போது தொட்டிலில் கிடந்தால் அழாமல் என்ன செய்யும்? அதனால் கண் சொக்கும்போதே, முழுதாகத் தூங்குமுன் படுக்கையில் விட்டுப் பாருங்கள். முதல் சில நாள் பலிக்காமல் போகலாம், பரவாயில்லை.

சிணுங்கியதும் பாய்ந்து தூக்காதீர்கள். ஒரு நிமிடம் பொறுங்கள்; பல சமயம் அது தூக்கத்திலேயே முனகுவதுதான். பசி என்றால் மங்கிய வெளிச்சத்தில், பேச்சுக் கொடுக்காமல் பால் கொடுங்கள். விளையாட்டெல்லாம் பகலில். அப்புறம், களைத்தால் நன்றாகத் தூங்கும் என்று பகல் தூக்கத்தைக் குறைக்காதீர்கள். அளவு மீறிக் களைத்த குழந்தைதான் அதிகம் படுத்தும்.

எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், உறுதியான சமமான மெத்தையில். தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் 1 வயதுவரை அருகில் வேண்டாம். எடை ஏறவில்லை, மூச்சு இரைக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.