கரண்ட் போனாலும் கேம் போகக்கூடாது: கன்சோல் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து. அவற்றில் பாதி, கேமைப் பற்றியே அல்ல, கரண்டைப் பற்றி. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கே: பிளேஸ்டேஷன் 5 (பி.எஸ்.5) இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கிறது. கரண்ட் போகும்போது ஃபேன் ஓடுகிறது, டிவிகூட அணைவதில்லை. கன்சோல் மட்டும் பட்டென்று நின்றுவிடுகிறது. கன்சோலில் கோளாறா?
– பென்னாகரம் வாசகர்

ப: கோளாறு கன்சோலில் இல்லை. இன்வெர்ட்டரின் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், பாருங்கள். ஒரு பக்கம் யு.பி.எஸ்., மறுபக்கம் நார்மல் அல்லது ஈகோ என்று போட்டிருக்கும். உங்களுடையது நார்மலில் இருக்கிறது என்று பந்தயமே கட்டலாம். நார்மலில், கரண்ட் போய் பேட்டரிக்கு மாற 40 மில்லி செகண்டு வரை ஆகும். யு.பி.எஸ். பக்கம் தள்ளினால் அது 10 மில்லி செகண்டு அளவுக்குக் குறையும். அந்த இடைவெளியை டிவி தன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களை வைத்தே தாண்டிவிடுகிறது, ஏனென்றால் அது இழுக்கும் கரண்ட் குறைவு. கேம் ஓடும்போது கன்சோல் ஏறக்குறைய 200 வாட் இழுக்கும். சேமிப்பு சட்டென்று காலியாகிவிடும்.

அப்படியானால் எலக்ட்ரீஷியன் ஏன் நார்மலில் வைத்துவிட்டுப் போனார்? காரணம் இருக்கிறது. யு.பி.எஸ். நிலையில் இன்வெர்ட்டர் ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவிவிடும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் இதனால் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்துபோகும். விளையாடும்போது யு.பி.எஸ்., படுக்கப் போகும்போது நார்மல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அது தொல்லை என்றால், கன்சோலுக்கு மட்டும் தனியாக 1000 வி.ஏ. (600 வாட்) கம்ப்யூட்டர் யு.பி.எஸ். ஒன்று. 600 வி.ஏ. யு.பி.எஸ்ஸில் 360 வாட்தான் கிடைக்கும். கன்சோலும் டிவியும் சேர்ந்தால் அது மூச்சு வாங்கும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்பதையும் பாருங்கள். ஸ்கொயர் வேவ் வகையில் ஃபேன் உறுமுவதைக் கேட்டிருப்பீர்கள். கன்சோலின் பவர் சப்ளைக்கும் அது நல்லதல்ல.

எவ்வளவு நேரம் தாங்கும்? 12 வோல்ட் 150 ஏ.எச். பேட்டரி என்றால் 1800 வாட்-மணி. அதில் உருப்படியாக எடுக்க முடிந்தது மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 1200. கன்சோல் 200, டிவி 90, ஃபேன் 75, ரவுட்டரும் லைட்டும் 35 என்று 400 வாட் வைத்தால் மூன்று மணி நேரம். பேட்டரி மூன்று வருடம் பழையதென்றால் பாதியைக்கூட நம்பாதீர்கள்.

அணைந்துபோனபின் கன்சோல் சரியாக எழவில்லையென்றால் பதற வேண்டாம். முழுதாக ஆஃப் செய்து, பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். முதல் பீப்புக்கு விடக்கூடாது. ஏழு விநாடி கழித்து இரண்டாவது பீப் வரும், அப்போது விடுங்கள். கண்ட்ரோலரை யு.எஸ்.பி. ஒயரால் இணைத்து பி.எஸ். பட்டனைத் தட்டினால் பழுது பார்க்கும் மெனுவான சேஃப் மோடு திறக்கும். அதில் 5-வது வரி, டேட்டாபேஸை மறுபடி கட்டுவது. கேம் எதுவும் அழியாது. 6, 7 பக்கம் மட்டும் விரல் போகக்கூடாது. அவை எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

இன்னொன்று. ஆரஞ்சு விளக்கு எரியும் ரெஸ்ட் மோடில் கேமை அப்படியே நிறுத்திவிட்டுப் போகும் பழக்கம் நம் ஊருக்கு ஆகாது. அந்த நிலை மெமரியில் மட்டுமே இருக்கிறது. கரண்ட் போனால் அதுவும் போகும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், எக்ஸ் இரண்டிலும் குயிக் ரெஸ்யூம் என்ற வசதி, விட்ட இடத்தின் நிலையை எஸ்.எஸ்.டி.யில் (உள் சேமிப்பில்) எழுதி வைப்பதால் பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்கும். ஆனால் விளையாடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் அதற்கும் எழுத நேரம் கிடைக்காது. திரையின் மூலையில் சேவ் வட்டம் சுற்றும்போது கரண்ட் போவதுதான் உண்மையான ஆபத்து, அந்த ஒரு சேவ் கெட்டுப்போகும். ஆட்டோ சேவோடு நில்லாமல், கேம் அனுமதித்தால் கையால் இரண்டு மூன்று தனி இடங்களில் சேவ் போட்டு வையுங்கள். பி.எஸ்.5 கேம்களின் சேவ் ஃபைலை பென் டிரைவில் காப்பி எடுக்க முடியாது. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் மட்டும் கிளவுடுக்குப் போகும்.

கே: இடி இடித்த மறுநாள் கன்சோல் ஆன் ஆகிறது, வெள்ளை விளக்கும் எரிகிறது, டிவியில் படம் வரவில்லை. சுவிட்சை அணைத்துத்தான் வைத்திருந்தோம்.
– தேன்கனிக்கோட்டை வாசகர்

ப: மின்னல் சுவிட்ச் வழியாக வரவில்லை. மாடியிலிருக்கும் டிஷ் அல்லது தெருவிலிருந்து வரும் கேபிள் ஒயர், அங்கிருந்து டிவி, டிவியிலிருந்து எச்.டி.எம்.ஐ. ஒயர், கடைசியில் கன்சோல். இதுதான் அது வந்த பாதை. சுவிட்ச் அணைத்தால் இந்தப் பாதை அறுபடாது. கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் எச்.டி.எம்.ஐ. ஒயரையும், ரவுட்டரிலிருந்து லேன் ஒயர் வந்தால் அதையும், பிளக்கோடு சேர்த்துக் கழற்றி வையுங்கள்.

இப்போதைக்கு: வேறு ஒயர், வேறு டிவி போட்டுப் பாருங்கள். பிறகு சேஃப் மோடில் 2-வது வரியில் ரெசல்யூஷனை மாற்றுங்கள். எதற்கும் படம் வராவிட்டால் போர்ட்டோ அதன் பின்னாலிருக்கும் எச்.டி.எம்.ஐ. சிப்போ போயிருக்கிறது. கடையில் போர்ட் மாற்றப் பணம் கொடுப்பதற்கு முன்பே, சிப்பைச் சோதித்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். ஒயர் இழுபட்டால் கெடுவது போர்ட். இடியில் கெடுவது பெரும்பாலும் சிப். சிப் போயிருக்கும்போது போர்ட்டை மட்டும் மாற்றினால் பணம்தான் செலவு.

கே: கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. தினமும் ஒரு மணி நேரம் கிடைக்கும். எல்டன் ரிங் கேம் வாங்கி, அதில் வரும் பெரிய எதிரியான மார்கிட்டிடம் இருபது நாளாகச் சாகிறேன். எனக்கு இந்தக் கேம் ஒத்துவராதா?
– ஓசூர் வாசகர்

ப: ஒத்துவரும். நீங்கள் அங்கே சீக்கிரம் போய்விட்டீர்கள், அவ்வளவுதான். தங்க ஒளி வழிகாட்டும் திசையில் நேராகப் போனால் மார்கிட் வந்துவிடுவான். ஆனால் அவன் காக்கும் கோட்டைக்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. இருபது நாளாக அவனிடம் மோதிய நேரத்தில் நான்கு நாளை மட்டும் இதற்குக் கொடுங்கள்.

முதலில் தெற்கே பாலத்தைத் தாண்டி வீப்பிங் பெனின்சுலா. அங்கே மூன்று சர்ச்சுகளில் மூன்று சேக்ரட் டியர் கிடைக்கும். ஒவ்வொன்றும் மருந்துக் குடுவை ஒரு மிடறுக்குத் தரும் உயிரைக் கூட்டும். எதிரிகளும் நீங்கள் தொடங்கிய லிம்கிரேவ் பகுதியின் அளவுக்கே இருப்பார்கள். இரண்டாவது, ஏரிக்கு வடக்கே இருக்கும் லிம்கிரேவ் டனல்ஸ் சுரங்கத்தில் ஸ்மிதிங் ஸ்டோன் 1 பொறுக்குங்கள். ஆயுதத்தை +1 ஆக்க 2, +2-க்கு 4, +3-க்கு 6, மொத்தம் 12 கல். சர்ச் ஆஃப் எல்லேயில் இருக்கும் பட்டறைக் கல்லிலேயே +3 வரை அடித்துக்கொள்ளலாம். புதிதாக ஆடுபவர்கள் லெவலைத்தான் எண்ணுகிறார்கள். தொடக்கத்தில் அடியின் பலத்தை அதிகம் கூட்டுவது ஆயுதம். லெவல் புள்ளிகளை விகரில் (உயிரின் அளவில்) போடுங்கள், 20 வரை. ஒரே அடியில் செத்தால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது, பாருங்கள்.

மூன்றாவது, குதிரை கிடைத்த பிறகு அதே சர்ச் ஆஃப் எல்லேக்குத் திரும்பிப் போனால் ரென்னா என்ற சூனியக்காரி ஒரு மணியும் ஓநாய்ச் சாம்பலும் தருவாள். மார்கிட்டின் முன் அதை ஒலித்தால் மூன்று ஓநாய்கள் வந்து அவன் கவனத்தைப் பிரிக்கும். அவன் இருக்கும் இடத்தின் பனிமூட்டக் கதவுக்கு வெளியே தரையில் ரோஜியர் என்ற மந்திரவாதியின் தங்கக் கையெழுத்தும் இருக்கும், அவனையும் அழைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். கேமைச் செய்தவர்கள் வைத்ததைத்தானே எடுக்கிறீர்கள். மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்ற வியாபாரியிடம் 5000 ரூனுக்கு (கேமின் காசு) மார்கிட்ஸ் ஷேக்கிள் என்ற பொருள் கிடைக்கும். ஒரு சண்டையில் இரண்டு முறை அவனைத் தரையோடு கட்டிப்போடும்.

இனி சண்டை. மார்கிட் கோலை ஓங்கிவிட்டு, வேண்டுமென்றே தாமதித்து அடிப்பான். கை உயர்ந்ததும் உருண்டால் நீங்கள் எழுந்திருக்கும்போது அடி விழும். கோல் கீழே இறங்கத் தொடங்கும்போது உருளுங்கள், பின்னால் அல்ல, அவனை நோக்கி. இந்தக் கேமில் உருளல் பட்டனை அழுத்தும்போது வருவதில்லை, விடும்போதுதான் வருகிறது. அழுத்திப் பிடித்தால் ஓட்டம் என்பதால். ஆகவே டக்கென்று தட்டி விடுங்கள். சுமை 70 சதவீதத்தைத் தாண்டினால் உருளல் மந்தமாகிவிடும், இரும்புக் கவசத்தில் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பாதி உயிர் போனதும் அவன் சுத்தியலை எடுப்பான். அதுவரை குடுவையில் பாதியை மிச்சம் வையுங்கள்.

இத்தனையும் செய்து சரியாக உருண்டும் அடி விழுகிறதென்றால் டிவியைச் சந்தேகப்படுங்கள். படத்தை மெருகேற்றும் வேலைகளை டிவி செய்துகொண்டிருந்தால் ஒவ்வொரு பட்டனும் தாமதமாகவே திரைக்கு வரும். பிக்சர் மெனுவில் கேம் மோடு போடுங்கள். பி.எஸ்.5-இல் இந்தக் கேமின் பி.எஸ்.4 பதிப்பை இறக்கி ஓட்டினால் விநாடிக்கு 60 ஃபிரேம் நிலையாக நிற்கும், பி.எஸ்.5 பதிப்பு அவ்வப்போது கீழே இறங்கும். ஃபிரேம் 30 என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 33 மில்லி செகண்டு, 60 என்றால் 17. பெரிய கேம்கள் பலவற்றிலும் குவாலிட்டி, பெர்ஃபார்மன்ஸ் என்று இரண்டு மோடு கேட்கும்போது, சண்டை இருக்கும் கேமுக்கு யோசிக்காமல் பெர்ஃபார்மன்ஸ்.

ஒரு மணி நேரம்தான் என்பது இந்தக் கேமில் குறையே அல்ல. தன்னால் விடாமல் சேவ் ஆகிக்கொண்டே இருக்கும். சண்டை இல்லாத எந்த இடத்திலும் மெனுவில் போய் வெளியேறலாம். ஷிஃப்ட் முடிந்து வந்து அரை மணி நேரம் கதை கேட்க வேண்டிய கேம்களைவிட இது உங்களுக்கு உகந்தது.

கே: பி.எஸ்.5-இன் உள்ளே 825 ஜி.பி. என்றார்கள், 667 தான் காட்டுகிறது. ஆறு கேம் போட்டதும் நிறைந்துவிட்டது. வெளியே ஹார்ட் டிஸ்க் மாட்டலாமா? போன் ஹாட்ஸ்பாட்டில் கேம் இறக்க முடியுமா?
– காவேரிப்பட்டணம் வாசகர்

ப: மீதியை சிஸ்டம் எடுத்துக்கொள்கிறது, யாரும் ஏமாற்றவில்லை. யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்கில் பி.எஸ்.4 கேம்களை ஓட்டலாம், பி.எஸ்.5 கேம்களை அங்கே பத்திரப்படுத்தத்தான் முடியும், ஓட்டமுடியாது. ஓட வேண்டுமென்றால் உள்ளே எம்.2 எஸ்.எஸ்.டி. வேண்டும். கடையில் சொல்ல வேண்டியது: என்.வி.எம்.இ., ஜென் 4, விநாடிக்கு 5500 எம்.பி. படிக்கும் வேகம், ஹீட் சிங்க்கோடு, மொத்த உயரம் 11.25 மி.மீ.க்குள். விலை குறைவென்று ஜென் 3 கொடுத்தால் கன்சோல் ஏற்காது. 2280 அளவென்றால் உள்ளே இருக்கும் ஸ்பேசரை 80 என்ற துளைக்கு மாற்றிவிட்டுத்தான் ஸ்குரூ போட வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

ஹாட்ஸ்பாட் கணக்கு: 100 ஜி.பி. கேம், நாளுக்கு 2 ஜி.பி. டேட்டா என்றால் 50 நாள். 50 எம்.பி.பி.எஸ். ஃபைபரில் நான்கரை மணி நேரம். ஃபைபர் வரும்வரை கேமை டிஸ்க்காக வாங்குங்கள்.

கே: டிஸ்கில் கீறல். டூத் பேஸ்ட் தேய்த்தால் சரியாகும் என்கிறார் கடைக்காரர்.
– மத்தூர் வாசகர்

ப: வேண்டாம். பழைய டி.வி.டி.யில் தகவல் 0.6 மி.மீ. ஆழத்தில் இருந்தது, தேய்க்க இடமிருந்தது. இது புளூ-ரே, மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ.தான், அதன் மேல் கெட்டியான பூச்சு. தேய்த்தால் பூச்சு போய், டிஸ்க்கும் போகும். மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கம் நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாக அல்ல.

கே: மகனுக்கு 11 வயது. கூடப் படிக்கும் பையன்கள் எல்லாரும் ஜி.டி.ஏ. 5 விளையாடுகிறார்களாம். வாங்கித் தரலாமா?
– அரூரிலிருந்து ஒரு தாய்

ப: அதன் அட்டையிலேயே 18 என்று போட்டிருக்கும், அம்மா. அது அலங்காரத்துக்குப் போட்ட எண் அல்ல. மகனுக்குத் தனியாகக் குழந்தைக் கணக்கு தொடங்கி, செட்டிங்ஸில் ஃபேமிலி பகுதியில் வயது வரம்பும் விளையாடும் நேரமும் வையுங்கள். டிஸ்க்கைப் போட்டாலும் அந்த வரம்பு தடுக்கும். ஆனால் பலரும் இங்கே கோட்டைவிடுவது ஒன்றுதான்: அப்பாவின் கணக்குக்கு பாஸ்கோடு வைப்பதில்லை. பையன் அப்பா பெயரைத் தட்டி உள்ளே போய்விடுவான். அதற்குப் பாஸ்கோடு, கூடவே புதிய கணக்கும் கெஸ்ட் லாகினும் தொடங்கமுடியாதபடி பூட்டு. இரண்டும் வேண்டும். அவனுக்கு 2024-இல் வந்த ஆஸ்ட்ரோ பாட் நன்றாக இருக்கும். அதற்கு முன் கன்சோலிலேயே இலவசமாக இருக்கும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூமைப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

கே: வெளிநாட்டிலிருந்து மாமா அமெரிக்க டிஸ்க் கொண்டுவந்தார். கேம் ஓடுகிறது, இந்திய ஸ்டோரில் வாங்கிய கூடுதல் கதை மட்டும் வரவில்லை.
– ஊத்தங்கரை வாசகர்

ப: டிஸ்க் எந்த நாட்டுடையதும் ஓடும், கூடுதல் பகுதி டிஸ்க்கின் நாட்டோடு பொருந்த வேண்டும். அமெரிக்க டிஸ்குக்கு அமெரிக்கக் கணக்கில் வாங்கியதே சேரும். பழைய டிஸ்க் வாங்குபவர்களும் இதைக் கேட்டுவிட்டே காசு கொடுங்கள்.

கே: கல் குவாரி பக்கத்தில் வீடு. ஏப்ரல் வந்தால் கன்சோல் சூடாகிவிட்டது என்று செய்தி வருகிறது. திறந்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றலாமா?
– பர்கூர் வாசகர்

ப: பேஸ்ட் மாற்றத் திறக்காதீர்கள். பி.எஸ்.5-இன் உள்ளே இருப்பது சாதாரண பேஸ்ட் அல்ல, லிக்விட் மெட்டல். ஒரு சொட்டு போர்டில் சிந்தினால் ஷார்ட். பக்கத்து மூடிகளை மட்டும் கழற்றினால் தூசி சேரும் இரண்டு துளைகள் தெரியும். அதில் வாக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சுங்கள். ஃபேன் மேல் காற்று அடிப்பதானால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழன்றால் பேரிங் கெடும். கிரானைட் தூசியில் மாதம் ஒருமுறையாவது. அறை 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதே தயாரிப்பாளரின் வரம்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி கோடை அதைத் தாண்டும். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, கண்ணாடி ஷெல்ஃபுக்கு வெளியே வைத்து, சித்திரை வைகாசியில் பகலை விட்டுவிட்டு இரவில் ஆடுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

கே: கண்ட்ரோலரைத் தொடாமலே ஆள் தானாக நடக்கிறான்.
– தருமபுரி வாசகர்

ப: ஸ்டிக் டிரிஃப்ட். அடியில் இருக்கும் கார்பன் தடம் தேய்ந்து, நடுநிலையிலும் ஏதோ ஒரு திசையைக் காட்டுகிறது. கண்ட்ரோலரின் பின்னால் லோகோ பக்கம் ஊசித் துளை இருக்கும். ஐந்து விநாடி அழுத்தி ரீசெட் செய்யுங்கள். பிறகு கேம் செட்டிங்ஸில் டெட் ஜோனைக் (ஸ்டிக்கின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத எல்லையை) கொஞ்சம் கூட்டுங்கள், தொடக்கநிலை டிரிஃப்டை இது மறைத்துவிடும். அடங்கவில்லையென்றால் தூசியாக இருக்கலாம்: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு, ஸ்டிக்கை வட்டமாகச் சுழற்றி, முழுதாகக் காயும்வரை ஆன் செய்யக்கூடாது. அதுவும் சில வாரங்களுக்குத்தான். மாட்யூலையே மாற்றுவது சாலிடர் வேலை. செல்போன் சர்வீஸ் கடையில் கை தேர்ந்தவர் செய்வார். கொடுக்கும்போது ஹால் எஃபெக்ட் மாட்யூல் போடச் சொல்லுங்கள், அது காந்தத்தால் வேலை செய்வதால் உரசித் தேய எதுவுமில்லை. போட்டபின் கேலிபரேஷன் செய்து, நடுநிலையில் எண் நகராமல் நிற்பதைக் கம்ப்யூட்டரில் காட்டச் சொல்லி வாங்கி வாருங்கள்.