வெந்த கறி எந்த விலங்கு? வாசகர் கேள்விகள்

மட்டன் பிரியாணியில் கறியின் ருசி சந்தேகமாக இருந்தது. வெந்து மசாலாவில் ஊறிய துண்டை வைத்து விலங்கைக் கண்டுபிடிக்க முடியுமா?
வாசகி, வேலூர்

முடியும். ஆனால் மூக்கையும் நாக்கையும் நம்பி அல்ல. பச்சைக் கறியாக இருந்தால் கொழுப்பே ஓரளவு காட்டிக்கொடுக்கும்: பசுவுக்கு மஞ்சள் கலந்திருக்கும், எருமைக்கு வெள்ளை, ஆட்டுக்குக் கெட்டியான வெள்ளை. வெந்தபின் அதெல்லாம் போய்விடும். எலிசா என்னும் புரதச் சோதனையும் தடுமாறும். சூட்டில் புரதம் உருக்குலைந்துவிடுவதால், சூடு தாங்கும் ட்ரோபோனின் போன்ற தசைப் புரதங்களைக் குறிவைத்தால்தான் பலன்.

டி.என்.ஏ. அவ்வளவு லேசில் அழியாது, குக்கர் சூட்டில் துண்டு துண்டாக உடையும். அதனால் நீளமான பகுதியைத் தேடாமல், 100 முதல் 200 எழுத்து நீளமுள்ள சிறு பகுதியைத்தான் பி.சி.ஆர். என்னும் டி.என்.ஏ. நகலெடுக்கும் முறையில் பெருக்குவார்கள். அதையும் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பிலிருந்து எடுப்பார்கள். செல்லின் உட்கருவில் ஒரு மரபணுவுக்கு இரண்டே பிரதி, மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வோ ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். அதிலுள்ள சைட்டோகுரோம் பி மரபணு பசு, எருமை, வெள்ளாடு, செம்மறி என ஒவ்வொன்றிலும் வேறுபடும்.

மசாலாவைக் கழுவி, துண்டின் நடுப்பகுதியில் 25 மில்லிகிராம் எடுத்தாலே போதும். புரதத்தைக் கரைக்கும் நொதியில் 56 டிகிரியில் ஊறவைத்து டி.என்.ஏ.வைப் பிரிப்பார்கள். கோளாறு பெரும்பாலும் இங்கேதான் வரும். மஞ்சள், கிராம்பு, கொழுப்பு இவற்றின் மிச்சம் ஒட்டியிருந்தால் பி.சி.ஆர். நொதி வேலை செய்யாது. புளியும் வினிகரும் டி.என்.ஏ.வையே அரிக்கும். முடிவில் ஒன்றுமே தெரியாவிட்டால் அது ‘ஆடு இல்லை’ என்பதற்குச் சான்றல்ல. பத்து மடங்கு நீர்த்து மறுபடி பார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, ஆடு என்று உறுதியாகத் தெரிந்த கறி ஒன்றையும் வெறும் தண்ணீரையும் கூடவே சோதிக்காத சோதனையை நான் நம்பமாட்டேன்.

சென்னையில் நாய்க்கறி பிடிபட்டதாகச் சொன்னார்களே?
வாசகர், தாம்பரம்

2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில், ஜோத்பூரிலிருந்து வந்த சுமார் 2,000 கிலோ கறியைக் கைப்பற்றினார்கள். வால் நீளமாக இருந்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆட்டிறைச்சி என்று தெரிந்தது. அதற்குள் வாட்ஸ்அப் தீர்ப்பு எழுதிவிட்டது.

சிக்கன் சாசேஜில் எருமை டி.என்.ஏ. இருந்தால் கலப்படம்தானே?
வாசகர், கோவை

உடனே அப்படிச் சொல்ல முடியாது. முந்தைய தடவை எருமைக்கறி அரைத்த இயந்திரத்தைச் சரியாகக் கழுவாவிட்டால் அந்தத் துணுக்கே சோதனையில் சிக்கும். 2013-இல் அயர்லாந்தில் மாட்டிறைச்சி பர்கர் ஒன்றில் 29 சதவீதம் குதிரை இருந்தது, அது ஏமாற்று. அதைத் தொடர்ந்து ஐரோப்பிய நாடுகள் நடத்திய சோதனையில் குதிரை இருக்கிறது என்று சொல்ல 1 சதவீதத்தை எல்லையாக வைத்தார்கள். அளவைச் சொல்வதுதான் கடினம்: ஈரலிலும் தசையிலும் மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கை வேறுவேறு, கொழுப்பில் குறைவு. எது என்பதை டி.என்.ஏ. உறுதியாகச் சொல்லும், எவ்வளவு என்பதைத் தோராயமாகத்தான் சொல்லும்.

மாத்திரை உறையிலுள்ள ஜெலட்டின் மாடா, பன்றியா?
வாசகி, நாகர்கோவில்

அமிலத்திலும் சூட்டிலும் காய்ச்சியெடுப்பதால் டி.என்.ஏ. அநேகமாக மிஞ்சாது. ஜெலட்டினின் மூலப் புரதமான கொலாஜனின் துணுக்குகளை, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியில் பார்த்துப் பிரிப்பார்கள்.

சாம்பிளை நாங்களே கொடுக்கலாமா?
வாசகர், ஈரோடு

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40 இடம் தருகிறது. கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். தவறு உறுதியானால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதனைக்குத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆய்வகத்தில் பி.சி.ஆர். வசதி உண்டா என்று முதலில் கேளுங்கள். குழம்பு வேண்டாம், கறித் துண்டுகளாக 100 கிராம் எடுத்துச் சுத்தமான உறையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். ஃபார்மலின் ஊற்றிவிடாதீர்கள், டி.என்.ஏ. பிணைந்து கெட்டுவிடும். பார்சல் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதென்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள். அவர் கடைக்குப் போய்த் தனியாகச் சாம்பிள் எடுப்பார்.