படம் ஒன்று, ஸ்பெக் வேறொன்று: கேள்வி-பதில்

மென்பொருளின் வடிவமைப்புப் படமும் ஸ்பெக்கும் (கருவியால் சோதிக்கக்கூடிய துல்லியமான விவரிப்பு) ஒன்றோடொன்று பொருந்தாதபோது எழும் கேள்விகள் இவை.

யுஎம்எல் (மென்பொருளைப் படமாக வரையும் முறை) கிளாஸ் டயகிராமைப் பார்த்துத்தான் அலாய் (விதிகளை எழுதிக் கருவியால் சோதிக்கும் மொழி) மாடல் எழுதினோம். ஆனாலும் ஒரே கணக்குக்கு இரண்டு உரிமையாளர்கள் வந்துவிடுகிறார்கள். ஏன்?

படத்தில் வாடிக்கையாளரையும் கணக்கையும் இணைக்கும் கோட்டின் ஒரு முனையை மட்டும் எழுதியிருப்பீர்கள். வாடிக்கையாளரின் ஃபீல்டாகக் கணக்குகளை வைத்தால், ஒருவருக்கு எத்தனை கணக்கு என்பது மட்டுமே பதிவாகும். ஒரு கணக்குக்கு எத்தனை பேர் என்பதைத் தனி ஃபேக்ட்டாக (எப்போதும் பொருந்த வேண்டிய விதி) எழுத வேண்டும். படத்தின் முனையில் 0..1 என்றால் அலாயில் லோன், 1..* என்றால் சம், * என்றால் செட். எதுவும் எழுதாவிட்டால் அலாய் ‘ஒன்’ என்று எடுத்துக்கொள்ளும். எண் போடாத முனையை ஆளுக்கொரு விதமாகப் படிப்பார்கள். படத்தில் வெற்று முனையே வேண்டாம்.

அலாயில் எல்லா செக்கும் (ஒரு கூற்று எங்காவது பொய்க்கிறதா என்று தேடும் கட்டளை) பாஸ். நம்பலாமா?

முதலில் வெறும் ரன் (விதிகளுக்குப் பொருந்தும் உதாரணத்தைத் தேடும் கட்டளை) கொடுங்கள். ஓர் இன்ஸ்டன்ஸ்கூட (அப்படியான உதாரணம்) வரவில்லை என்றால் விதிகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அப்போது எந்த செக்கும் பாஸ்தான். ஸ்கோப் (எத்தனை பொருள்கள் வரை தேடலாம் என்ற வரம்பு) போதாவிட்டாலும் இதே அறிகுறி. நீங்கள் சொல்லாதவரை மேல்நிலை சிக் (அலாயில் பொருள் வகை) ஒவ்வொன்றுக்கும் 3 வரைதான், படத்தில் ‘4..*’ இருந்தால் கிடைக்கவே கிடைக்காது. முழு எண்ணும் 4 பிட், -8 முதல் 7 வரை. ஓசிஎல் (யுஎம்எல் படத்துக்கு நிபந்தனை எழுதும் மொழி) எழுதுபவர்கள் பிரெமன் பல்கலைக்கழகத்தின் யூஸ் கருவியில் ஒரு ஆப்ஜெக்ட் டயகிராமைக் கொடுத்து, எந்த இன்வேரியன்ட் (எப்போதும் மீறக்கூடாத நிபந்தனை) உடைகிறது என்று பார்க்கலாம்.

ஸ்டேட் மெஷின் படம் (நிலைகளும் அவற்றுக்கிடையே அம்புகளும்) சரியாக இருக்கிறது. அதையே டிஎல்ஏ பிளஸ்ஸில் (நிலைமாற்றங்களைக் கணித வடிவில் எழுதும் மொழி) எழுதினால் டெட்லாக் (அடுத்த அடி எடுக்க முடியாமல் நிற்பது) வருகிறதே?

பெரும்பாலும் இரண்டின் வழக்கமும் வேறு என்பதுதான் காரணம். யுஎம்எல்லில், வந்த நிகழ்வுக்கு எந்த அம்பும் பொருந்தாவிட்டால், தள்ளிவைக்கச் சொல்லியிராதவரை, அது தூக்கி எறியப்படும். டிஎல்ஏ பிளஸ்ஸில் ஆக்‌ஷன் (நிலைமாற்றம்) நடக்காது, அவ்வளவுதான். செய்தி வரிசையின் தலையில் கிடக்க, பின்னால் வந்தவையும் நிற்கும். ஒவ்வொரு நிலைக்கும் ‘புறக்கணி’ ஆக்‌ஷனை வெளிப்படையாக எழுதுங்கள். எழுதும்போதே, எறியக்கூடாத செய்தி ஒன்றிரண்டு மாட்டும். அந்த ஒன்றுக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

கூட்டு நிலையிலும் (உள்ளே வேறு நிலைகளைக் கொண்ட நிலை) கவனம் தேவை. உள்நிலை அம்புக்கே முன்னுரிமை. வெளி அம்பின் ஆக்‌ஷனில் ‘உள்ளே பொருந்துவது இல்லாதபோது’ என்ற நிபந்தனை விடுபட்டால் டிஎல்சி (டிஎல்ஏ பிளஸ் ஸ்பெக்கைச் சோதிக்கும் கருவி) இரண்டு வழியிலும் போகும். முறையாக முடிந்த நிலையையும் அது டெட்லாக் என்றே சொல்லும். அதற்காக டெட்லாக் சோதனையையே அணைத்துவிடாதீர்கள். முடிந்தபின் எதையும் மாற்றாத ஆக்‌ஷன் ஒன்று போதும்.

ஒப்பிட்டுப் பார்க்க, டிஎல்சியின் டம்ப் டாட் வசதியால் நிலைகளை எடுத்து கிராஃப்விஸில் (வரைபடம் வரையும் கருவி) வரையுங்கள். மாறிலிகளைச் சிறிதாக வையுங்கள், இல்லாவிட்டால் படம் கண்ணுக்கு உதவாது.

ஸ்பெக்கில் செய்த திருத்தம் காணாமல் போகிறது.

பிளஸ்கேல் (நிரல் போல எழுதினால் டிஎல்ஏ பிளஸ்ஸாக மாற்றப்படும் மொழி) உருவாக்கிய பகுதியில் கை வைத்திருப்பீர்கள். அடுத்த முறை உருவாக்கும்போது அது அழியும். யுஎம்எல்-பி படத்திலிருந்து ரோடின் கருவிக்கு வரும் ஈவென்ட்-பி (இன்னொரு ஸ்பெக் மொழி) உரையும் அப்படித்தான். மூலத்தில் திருத்துங்கள்.

இரண்டையும் சேர்த்து மாற்றச் சொன்னால் குழுவில் யாரும் கேட்பதில்லை.

பில்டு (மென்பொருளைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் படி) கேட்க வைக்கும். படத்தை பிளான்ட்யுஎம்எல் (உரையிலிருந்து யுஎம்எல் படம் வரையும் கருவி) உரையாக, ஸ்பெக் இருக்கும் ரெப்போவிலேயே வையுங்கள். அம்புக்கு ஆக்‌ஷனின் பெயரையே இடுங்கள். இரு பெயர்ப்பட்டியல்களையும் ஸ்கிரிப்ட் ஒப்பிட்டு, ஒன்று குறைந்தாலும் பில்டை நிறுத்தட்டும். பெயர் அப்படியே இருக்க நிபந்தனை மட்டும் மாறியிருந்தால் இதில் சிக்காது; அதை ரிவ்யூவில் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.